ஜனசங்கமும் சவாசனமும்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார யோகா மாணவர் குறித்து ஒரு முன்னாய்வு

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் உள்ள சூத்திரங்கள் 195. 196 என்று எண்ணுவோரும் உண்டு. அவற்றில் ஆசனத்தை விளக்க ஒதுக்கப்பட்டவை மூன்றே மூன்று. ஆசனம் போட வருகிறவரைப் பற்றியோ ஒன்றுகூட இல்லை. வந்தவர் செருப்பை எங்கே விடுவார், எந்த வரிசையில் பாய் விரிப்பார், மூச்சை அடக்கச் சொன்ன நேரம் பார்த்துப் பக்கத்துப் பாய்க்காரரிடம் என்ன கேட்பார் என்பன போன்ற அடிப்படைக் கேள்விகளைத் தொடாமலே நூல் முடிந்துவிடுகிறது. வியாசர் பெயரில் வழங்கும் உரையும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அறிவுலகம் பல நூற்றாண்டுகளாகக் கண்டுகொள்ளாத இந்தக் குறையை மேற்குச் சென்னையிலிருந்து தீர்த்துவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வெல்லை. கிழக்கே பாடி, வடக்கே புழல் ஏரிக்கரை, மேற்கே ஆவடி, தெற்கே பூந்தமல்லி. இந்த நாற்கரத்துக்குள் மின்கம்பத்தில் கட்டிய பிளெக்ஸைப் பார்த்தபடி நடந்தால் ஒரு யோகா கிளாஸ் கண்ணில் படாமல் போகாது. பெரும்பாலும் அது முதல் மாடி. கீழே செல்போன் ரிப்பேர் கடை, பக்கத்தில் மெடிக்கல். அதே கூடத்தில் சாயங்காலம் அபாகஸ், அதற்குப் பிறகு பரதநாட்டியம், ஞாயிற்றுக்கிழமை இந்தித் தேர்வுக்கு டியூஷன். சுவரில் பதஞ்சலி படத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் வாய்ப்பாடு தொங்குவதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். வாய்ப்பாட்டுக்கு இக்கட்டுரையில் பின்னர் ஒரு வேலை இருக்கிறது.

ஆய்வு முறை, கடைசி வரிசையிலிருந்து உற்றுநோக்கல். அங்கே இடம் கிடைப்பதுதான் இந்த ஆய்வின் பெரிய சவால். ஆறு மணி வகுப்புக்கு ஐந்து ஐம்பதுக்கே கடைசி வரிசை நிரம்பிவிடும். சுவரோர இடங்கள் அதற்கும் முன்பே போய்விடும். முதல் வரிசையோ மாஸ்டர் வந்து கெஞ்சும்வரை காலியாகக் கிடக்கும். கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு முண்டியடிக்கும் அதே மக்கள்தான் இவர்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

வகுப்பு நடக்க வேண்டிய இடத்துக்கு 15ஆம் நூற்றாண்டிலேயே இலக்கணம் இருக்கிறது. சுவாத்மாராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகை அதைக் கட்டட ஒப்பந்தம் போலத் திட்டமாகச் சொல்கிறது. நல்லாட்சி நடக்கும் நாட்டில், தொந்தரவு இல்லாத இடத்தில், தனியாக ஒரு சிறு குடில். வாசல் சின்னதாக இருக்க வேண்டும். சன்னல் கூடாது. அதிக உயரமும் ஆகாது, தாழ்வும் ஆகாது. தரையைச் சாணமிட்டு வழவழப்பாக மெழுகியிருக்க வேண்டும். பூச்சி பொட்டு இருக்கக் கூடாது. வெளியே மண்டபம், மேடை, கிணறு, சுற்றிலும் மதில்.

இந்தப் பட்டியலோடு சி.டி.எச். சாலை ஓரத்து வகுப்பு ஒன்றைச் சரிபார்த்தால் முடிவுகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வருகின்றன. வாசல் சின்னதுதான்: மாடிப்படியும் இன்வெர்ட்டரும் சேர்ந்து ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், அதுவும் பாயை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நுழையும்படி செய்திருக்கின்றன. சன்னல் இருந்தும் இல்லை. வெளியே மாட்டிய பிளெக்ஸ் அதை மறைத்துவிட்டது. வழவழப்புக்குச் சாணத்தைவிட டைல்ஸ் மேல். கிணறு இருந்த இடத்தில் போர். மதில் யாருக்குச் சொந்தம் என்பதில் பக்கத்து வீட்டோடு வழக்கு. நல்லாட்சி இந்த ஆய்வின் வரம்புக்குள் வராது. 2011ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, 2019ல் ஆவடி தனி மாநகராட்சி ஆனது என்ற தகவலோடு நிறுத்திக்கொள்வது நலம்.

தொந்தரவு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் இடறுகிறது. கூடத்தில் எல்லோரும் சேர்ந்து ‘ஓம்’ என்று இழுக்கும்போது பட்டரவாக்கம் பக்கமிருந்து அரக்கோணம் லோக்கல் அதே சுருதியில் பதில் சொல்கிறது. இதில் ரயிலைக் குறை சொல்ல முடியாது. ராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக வாலாஜா ரோடு வரை போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. யோகா கிளாஸ்தான் பின்னால் வந்தது. முன்னுரிமை ரயிலுக்கே.

பூச்சி விதியில் தோல்வி முழுமையானது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, இவை இரண்டுக்கும் இடையே ஓடாமல் நிற்கும் கால்வாய்கள் எல்லாமாகச் சேர்ந்து கொசுவுக்கு இவ்வட்டாரத்தில் பூர்வகுடி அந்தஸ்தைத் தந்திருக்கின்றன. முதல் மாடியில் வகுப்பு வைப்பதன் அருமையை மாணவர்கள் உணர்ந்தது வேறொரு தண்ணீரால். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை நாள்கணக்கில் வெள்ளத்தில் நின்றபோது, தரைத்தள வகுப்புகளின் பாய்கள் மொட்டை மாடிகளுக்குப் போயின. மேடு பள்ளம் பற்றி சுவாத்மாராமர் எச்சரித்ததன் உட்பொருள் அப்போது விளங்கிற்று.

பாய் என்றதும் ஒரு கிளை ஆய்வு தேவைப்படுகிறது. கீதையின் ஆறாம் அத்தியாயம் தர்ப்பை, மான்தோல், துணி என்று ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து உட்காரச் சொல்கிறது. இன்றைக்கு ஒருவர் கள்ளிக்குப்பத்தில் மான்தோல் விரித்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேறு ஆசனத்தில் உட்கார நேரும். இப்போதுள்ள ஒட்டும் பாயின் வரலாறு வேறு. 1960களின் கடைசியில் ஏஞ்சலா ஃபார்மர் என்ற ஆசிரியை ஜெர்மனியில் பாடம் எடுத்தபோது, தரைவிரிப்பு வழுக்காமலிருக்க அடியில் போடும் நுரைவிரிப்பை வெட்டி அதன் மேல் நின்று பார்த்தார். கால் வழுக்கவில்லை. அந்தக் கம்பளத்து அடித்துணிதான் இன்று நீலமாகவும் ஊதாவாகவும் சுருண்டு, ஸ்கூட்டியின் முன்பக்கக் கொக்கியில் தொங்கி, திருமுல்லைவாயிலிலிருந்து வருகிறது. அது ஒருநாளும் முழுசாக விரிவதில்லை. ஒரு முனையில் தண்ணீர் பாட்டிலும் மறுமுனையில் செல்போனும் வைத்தாக வேண்டும். வகுப்பில் போன் கொண்டு வரக் கூடாது என்ற விதி இதனாலேயே தோற்றுப்போகிறது. பவானி ஜமக்காளம் கொண்டு வருகிறவர்கள் தனி வகுப்பினர்: இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொள்வார்கள், யாரும் தட்டிக் கேட்பதில்லை.

இனி மாணவர்கள். இந்த வட்டாரத்து உடம்பு தொழிற்சாலையில் வார்த்த உடம்பு. 1949ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. பிறகு டன்லப், ஆலையின் பெயர் பஸ் ஸ்டாப்பின் பெயராகி இன்றும் கண்டக்டர் வாயில் இருக்கிறது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1960களில் தொழிற்பேட்டை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ல் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. நின்றுகொண்டே வேலை, மூன்று ஷிப்ட், சைரன். சைக்கிள் செய்து கொடுத்தவர்களுக்கு முட்டி வலி, டாங்க் செய்து கொடுத்தவர்களுக்கு முதுகு வலி என்று பொதுப்படச் சொன்னால் ஆய்வு நெறிக்கு மாறாகும். ஆனால் தகவலாளிகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பணி ஓய்வு பெற்ற தொழிற்சாலைக்காரரைக் காலை வகுப்பில் அடையாளம் காண்பது சுலபம். கால் மணி நேரம் முன்னால் வருவார். டைல்ஸ் கோட்டுக்கு நேராகப் பாயை வைத்து, ஒரு கண்ணை மூடி மட்டம் பார்ப்பார். மாஸ்டர் “மெதுவா, உங்க வசதிக்கு” என்று சொல்வது அவருக்குப் பிடிக்காது. எத்தனை என்று சொல்லுங்கள், முடித்துவிடுகிறேன் என்பது அவர் கட்சி. பத்துக்குப் பதில் எட்டோடு மாஸ்டர் நிறுத்தினால் மீதி இரண்டையும் தனியாகப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

பத்தரை மணி வகுப்பு பெண்களுடையது. பிள்ளைகள் பள்ளிக்கும் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் போய், வாஷிங் மெஷின் சுற்ற ஆரம்பித்த பிறகு கிடைக்கும் நேரம் அது. சுடிதார், டி-ஷர்ட், புடவையோடு நாற்காலியில் ஒருவர் என்று கலந்திருக்கும். சாயங்கால வகுப்புக்கு வருவது எஸ்டேட்டின் புது அடுக்குமாடிகளில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கழுத்து வலி வாங்கியவர்கள். பாதிப் பேர் சைலன்ட்டில் போட்ட போனை மீட்டிங் முடியும்வரை தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே திரிகோணாசனத்துக்கு எழுந்திருப்பார்கள்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானம் போட்டது. எந்த இடத்தில் அது நிறைவேறியது என்ற கேள்விக்கு அரசியல் அறிஞர்கள் திருப்தியான விடை தரவில்லை. பாதஹஸ்தாசன நேரத்தில் ஒரு வகுப்புக்குள் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஓய்வு பெற்ற ஜெனரல் மேனேஜரும் ஓய்வு பெற்ற ஃபிட்டரும் ஒரே வரிசையில் குனிந்து, ஒரே உயரத்தில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, நின்றுபோகிறார்கள்.

இந்தக் கூடத்துக்குள் என்ன சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்பது எளிய கேள்வியல்ல. குறைந்தது மூன்று மரபுகள் இங்கே ஒரே பாயில் உட்காருகின்றன. ஒன்று திருமலை கிருஷ்ணமாச்சாரியார் வழி. 1888ல் பிறந்த அவர் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தி, பி.கே.எஸ். ஐயங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் ஆசிரியராகி, 1950களில் சென்னைக்குக் குடிவந்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976ல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார். உடம்புக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்று, ஆசனத்துக்கு ஏற்றபடி உடம்பை முறிக்காதே என்பது அந்த வழியின் சாரம். தொண்ணூற்றாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவை சிகிச்சை வேண்டாமென்று மறுத்துப் படுக்கையிலேயே தமக்கான பயிற்சியை வகுத்துக்கொண்டவர் பெரியவர். 1989ல் நூறு வயதைக் கடந்து மறைந்தார். மேற்படி தத்துவம் சி.டி.எச். சாலைக்கு வந்து சேரும்போது இப்படி ஒலிக்கிறது:

“மாஸ்டர், முட்டி மடங்க மாட்டேங்குது.”

“மடங்குற வரைக்கும் மடக்குங்கம்மா. போதும்.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க.”

“நேத்தைக்கு இன்னைக்கு ஒரு விரக்கடை கூடியிருக்கும்மா.”

அந்த ஒரு விரற்கடையை அளந்து சரிபார்க்க வழியில்லை. ஆனால் அந்த அம்மாள் மறுநாளும் வருகிறார்.

இரண்டாவது, வேதாத்திரி மகரிஷி வழி. 1911ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர் 1958ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, உழைக்கிறவர்களும் செய்யக்கூடிய எளிய முறையை உருவாக்கினார். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சு, கண், கபாலபதி, மகராசனம் என்று அது வரிசையாகப் போகும். மனவளக்கலை மன்றத்தில் ஏற்கெனவே படித்துவிட்டு வந்த மாணவர் எந்த வகுப்பிலும் இருப்பார். மற்றவர்கள் தாடாசனத்தில் நிற்கும்போது அவர் கைப்பயிற்சியை முடித்திருப்பார். வகுப்பு முடிவில் எல்லோருக்கும் ‘வாழ்க வளமுடன்’ சொல்லிவிட்டுத்தான் செருப்பைத் தேடுவார். மூன்றாவது, மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் பொது யோகப் பயிற்சி: 45 நிமிடம், அளந்து வெட்டியது. சூரிய நமஸ்காரம் இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு விருந்தாளி. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மகாராஷ்டிரத்து ஔந்து சமஸ்தானத்து அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி அதை உடற்பயிற்சியாக ஊரெங்கும் பரப்பினார். ராஜா தினமும் செய்தார். நமக்குப் பன்னிரண்டுக்கு மேல் போனால் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுகிறார்.

மூச்சுக்கு வருவோம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் கணக்கு கொடுத்திருக்கிறார்: உள்ளே இழுக்க 16 மாத்திரை, உள்ளே நிறுத்த 64, வெளியே விட 32. மாத்திரையை ஒரு விநாடி என்று தாராளமாக வைத்துக்கொண்டால் ஒரு மூச்சுக்கு 112 விநாடி. ஆயுஷின் 45 நிமிடப் பயிற்சியில் இருபத்துநான்கு மூச்சுக்கு மேல் நேரம் இல்லை. பதினாறாம் வாய்ப்பாடு சுவரில் தொங்கும் வேலை இதுதான். ஆனால் வழக்கத்தில் இருப்பது வேறு கணக்கு. மாஸ்டர் நாலு எண்ணி இழுக்கச் சொல்கிறார். “நிறுத்துங்க” என்கிறார். அந்தச் சமயத்தில் புது அட்மிஷன் விசாரித்து யாரோ வாசலில் வந்து நிற்கிறார்கள். மாதம் எவ்வளவு, டாங்க் ஃபாக்டரி ஸ்டாஃபுக்குச் சலுகை உண்டா, வெயிட் குறையுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லி முடித்துத் திரும்பி வந்து “விடுங்க” என்கிறார். திருமூலரின் 64 மாத்திரை இந்த ஒரு தருணத்தில்தான் எட்டப்படுகிறது. அதற்குள் எல்லோரும் திருட்டுத்தனமாக இரண்டு மூன்று மூச்சு விட்டிருப்பார்கள். “விடுங்க” என்றதும் எல்லோரும் சேர்ந்து புஸ்ஸென்று விடுவதைப் பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள்.

பவனமுக்தாசனம் பற்றி: பெயரிலேயே காற்று இருக்கிறது. சீலிங் ஃபேனை அப்போது ஐந்தில் வைக்கும் மாஸ்டரே அனுபவஸ்தர். இதற்கு மேல் இந்த ஆய்வு பேசாது.

சவாசனத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பிரதீபிகை பதினைந்து ஆசனங்களையே விளக்குகிறது. பிணம்போல மல்லாந்து கிடக்கும் இது அவற்றில் ஒன்று. களைப்பு போகும், மனம் அமைதி பெறும் என்கிறது நூல். இவ்வட்டார மாணவர்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் வரும் ஒரே ஆசனமும் இதுவே. வலது கால் பெருவிரலைத் தளர்த்துங்கள், கெண்டைக்காலைத் தளர்த்துங்கள் என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே மேலே வருவார். இடுப்பைத் தாண்டுவதற்குள் முதல் குறட்டை எழும். குறட்டை விடுகிறவரை எழுப்பலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. இத்தனை நாள் ராத்திரியில் தூக்கமில்லை என்றுதானே சேர்ந்தார், விடுங்கள் என்பது ஒன்று. நாங்கள் தியானத்தில் இருக்கிறோம், அவர் காசுக்கு எங்கள் தியானம் போகிறது என்பது மற்றொன்று. பெரும்பாலும் வழக்கைக் கொசுவே முடித்துவைக்கிறது. குறட்டைக்காரரின் மூக்கில் உட்காருகிறது, அவர் தம் கன்னத்தில் தாமே அறைந்து எழுந்து உட்கார்ந்து, “நான் தூங்கல” என்கிறார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது மையக் கருதுகோளுக்கு வரலாம். யோகத்தைக் கெடுப்பவை ஆறு என்கிறது பிரதீபிகை: மிதமிஞ்சிய உணவு, மிதமிஞ்சிய உழைப்பு, வீண் பேச்சு, விதிகளைப் பிடிவாதமாகப் பிடித்துத் தொங்குதல், ஜனசங்கம், மனச் சபலம். அடுத்த சுலோகத்தில் யோகம் கைகூடச் செய்பவை என்று இன்னும் ஆறு சொல்லி, அதில் ஆறாவதாக ஜனசங்கத்தை விட்டுவிடுவதைச் சேர்க்கிறது. மனிதர் கூடுவதை இரண்டு சுலோகத்தில் இரண்டு முறை கண்டிக்கும் அளவுக்கு சுவாத்மாராமருக்கு அதில் கசப்பான அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

உணவை முதலில் தீர்த்துவிடுவோம். வயிற்றில் கால் பங்கைக் காலியாக விட்டுச் சாப்பிடு என்பது நூலின் விதி. தொடர்ந்து ஆகாதவற்றின் பட்டியல் வருகிறது: கசப்பு, புளிப்பு, உப்பு, காரம், சூடு, கீரை, எண்ணெய், எள், கடுகு, மது, மீன், இறைச்சி, தயிர், மோர், கொள்ளு, இலந்தை, பிண்ணாக்கு, பெருங்காயம், பூண்டு. பிண்ணாக்கு நீங்கலாக இது ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாத மளிகைச் சிட்டை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம்முடைய ஆட்கள் காலங்காலமாகச் சொல்லி வந்த இரண்டுமே தடை செய்யப்பட்டவை. கொள்ளு ரசம் வைத்துக் குடித்தும் எடை குறையவில்லையே என்று வகுப்புக்கு வந்தவர்களுக்கு இது தெரியாமலிருப்பது நல்லது. தாளிப்பு இல்லை, தயிர்சாதம் இல்லை, நீர்மோர் இல்லை. ஏற்பவை என்று அதே நூல் சொல்வதில் அரிசி, பாசிப்பயறு, நெய், சுக்கு எல்லாம் இருக்கின்றன. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் வெண்பொங்கல் வருகிறது. உப்பு, மிளகு, பெருங்காயம் மூன்றையும் கண்டுகொள்ளாமல் விட்டால் போதும். காலை வகுப்பு முடிந்ததும் ஆண்கள் குழுவாக அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து டிபன் கடைக்குப் போவதற்கு இதைவிட உறுதியான சாஸ்திர ஆதாரம் தேவையில்லை. கூட வரும் வடைக்குத்தான் நூலில் இடம் இல்லை. பூங்கா வாசலில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டு ஜூஸ் விற்கிறவர் இவர்களைப் பார்த்துப் பழகிவிட்டார். சாறு முதலில், பொங்கல் பிறகு என்ற வரிசை மாறுவதில்லை.

வீண் பேச்சும் ஜனசங்கமும் சேர்ந்தே வருபவை. வகுப்பு அறுபது நிமிடம் என்று பலகையில் இருந்தாலும், படிக்கட்டில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாகும். ஆசனம் பற்றி அங்கே ஒரு வார்த்தை இராது. தங்கம் விலை, கரண்ட் பில், கார்ப்பரேஷன் தோண்டிய பள்ளம், பூந்தமல்லி மெட்ரோ தூணால் ரூட் மாறிய பஸ், எந்தப் பள்ளியில் டொனேஷன் குறைவு, யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பத்தரை மணி வகுப்பில் இது இன்னும் அடர்த்தியாக இருக்கும். கொரட்டூரிலிருந்து வரும் ஐம்பது தாண்டிய தகவலாளி ஒருவர் தெளிவாகவே சொன்னார்: “வீட்ல இருந்தா யாராவது கூப்டுகிட்டே இருப்பாங்க. இங்க வந்தா ஒரு மணி நேரம் யாருக்கும் நான் அம்மாவும் இல்ல, மருமகளும் இல்ல. முதுகு வலி கெடக்கு, அது பாட்டுக்கு இருக்கும்.”

முதுகு வலி பற்றி அவர் சொன்னதை ஏளனமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு யோகா உதவுமா என்று 2022ல் காக்ரேன் அமைப்பு 21 ஆய்வுகளை, மொத்தம் 2,223 பேரை, அலசிப் பார்த்தது. உடற்பயிற்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் யோகா செய்தவர்களுக்குச் சிறு முன்னேற்றம் உண்டு. ஆனால் அது மருத்துவக் கண்ணில் பெரிதாகத் தெரியாத அளவு. முதுகுக்கான வேறு பயிற்சிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அநேகமாக இல்லை என்பதே முடிவு. அப்படியானால் வாக்கிங் போனாலும் சரி, கையைக் காலை ஆட்டினாலும் சரி என்றாகிறது. பிறகு ஏன் மாதக் கட்டணம் கட்டி, மாடி ஏறி, கடைசி வரிசைக்கு அடித்துக்கொண்டு வருகிறார்கள்? சுவாத்மாராமர் எதை விஷம் என்று விலக்கினாரோ அதைத் தேடித்தான் வருகிறார்கள் என்பதே இந்த ஆய்வின் துணிபு. ஊரடங்குக் காலம் இதற்கு இயற்கையே நடத்திய பரிசோதனை. 2020ல் வகுப்புகள் ஜூமுக்குப் போயின. சன்னல் இல்லாத தனி அறை, ஜனசங்கம் இல்லை, வீண் பேச்சுக்கு மியூட் பட்டன். பிரதீபிகை கேட்ட அத்தனையும் முதன்முறையாகக் கைகூடி வந்தன. திரையில் தெரிந்தவை சீலிங் ஃபேன்களும் காலி பாய்களும். மாணவர்கள் வரவில்லை. வந்தவர்களும் வகுப்பு முடிந்தபின் மாஸ்டர் கால் கட் செய்ததும் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசினார்கள்.

இதை மாஸ்டர்கள் அறிவார்கள். ஒருவர் நாலு நாள் வராவிட்டால் ஆசனம் பாக்கி நிற்கிறது என்று அவர்கள் போன் செய்வதில்லை. “எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க” என்கிறார்கள்.

மாணவர் எண்ணிக்கை ஆண்டு முழுதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஜனவரி முதல் வாரத்தில் கூடம் கொள்ளாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களில் ஒரு பகுதி திரும்புவதில்லை. மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. பரீட்சை எழுதுவது பிள்ளை, லீவு போடுவது அம்மா. ஜூன் 21 நெருங்க நெருங்க மறுபடி ஏறும். ஐ.நா. சபை 2014 டிசம்பர் 11 அன்று 177 நாடுகள் முன்மொழிந்த தீர்மானத்தால் அந்த நாளை உலக யோகா தினமாக்கியது. 2015ல் முதல் தினத்தன்று டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒரே நேரத்தில் ஆசனம் செய்து கின்னஸில் இடம் பிடித்தார்கள். அவ்வளவு பேரும் முதல் வரிசைக்கு எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்பது விசாரிக்கத்தக்கது.

கட்டணம் குறித்துச் சட்டமே பேசிவிட்டது. நன்கொடை என்ற பெயரில் கட்டணம் வாங்கி நடத்தும் யோகா முகாம், உடல்நலச் சேவை என்ற வகையில் சேவை வரிக்கு உட்பட்டதே என்று தீர்ப்பாயம் சொன்னதை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வழக்கு தொடுத்தது பதஞ்சலி யோகபீட அறக்கட்டளை. முனிவரின் பெயர் வரித் துறைக் கோப்புக்குள் வந்தது இப்படித்தான். முதல் மாடி வகுப்புகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுடைய கோப்பு ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் யார் பெயருக்கு நேராகவும் ‘அடுத்த மாசம்’ என்று எழுதியிருக்கும்.

ஒற்றைக்காலில் நிற்பதில் இவ்வட்டாரம் பின்தங்கியிருப்பது மட்டும் புதிர். விருக்ஷாசனம் சொன்னதும் எல்லோரும் சுவரைத் தேடுகிறார்கள். சுவரோர இடங்களுக்கு அவ்வளவு கிராக்கி இருப்பதும் அதனால்தான். இத்தனைக்கும் பூந்தமல்லிக்குப் பக்கத்து மாங்காட்டில், ஐந்து தீக்கு நடுவே ஒற்றைக்கால் கட்டைவிரலை ஊன்றி காமாட்சி தவமிருந்தாள் என்பது தலவரலாறு. செவ்வாய், வெள்ளியில் அங்கே போய் வரிசையில் நின்று கும்பிடுகிறவர்கள்தான் புதன்கிழமை சுவரைப் பிடிக்கிறார்கள். எலுமிச்சம்பழம் வாங்கி வந்த கையால்.

சுவர் பிடிக்காமல் நிற்பதற்கு இன்னொரு முன்மாதிரி மாமல்லபுரத்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பத் தொகுதியில் கையைத் தூக்கி ஒற்றைக்காலில் நிற்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் கட்சி கட்டுகிறார்கள். அதே பாறையில் பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூனை நிற்கிறது. சுற்றிலும் எலிகள். அது போலித் தவம் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. இந்த ஆய்வு அதை ஏற்கவில்லை. பூனையின் முதுகில் வளைவு இல்லை, தோள் இறங்கவில்லை, சுவரும் பிடிக்கவில்லை. அதை மாஸ்டர் என்றும் எலிகளை மாணவர் என்றும் கொள்வதற்கே சான்றுகள் அதிகம். எலிகள் எந்த மரபைச் சேர்ந்தவை, எந்த வகுப்புக்கு வந்தன, அவற்றுள் எவை திரும்பிப் போயின என்பவற்றை அடுத்த கட்ட ஆய்வில் பார்க்க உத்தேசம். அதற்கு முன் உடனடி வேலை ஒன்று வந்திருக்கிறது: யோகா தின ஊர்வலத்துக்கு டி-ஷர்ட் அளவு கேட்டு வாட்ஸ்அப் குழுவில் செய்தி. மீடியம் இருபத்தைந்து மிச்சம் இருக்கிறதாம், எக்ஸ்எல் முதல் நாளே தீர்ந்துவிட்டதாம்.